வீரிய ஒட்டு மக்காச்சோளம்: விதைப்பை முதல் களம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குத்தான் போகிறது. நாமக்கல், பல்லடம் பக்கத்துத் தீவன ஆலைகளை நம்பி பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், உடுமலை, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களில் இது பயிராகிறது. கீழே சொல்லும் அளவுகள், வேறு குறிப்பு இல்லாத இடத்தில், ஒரு ஏக்கர் இறவைப் (பாசனப்) பயிருக்கானவை.

ஹைபிரிட் (வீரிய ஒட்டு) விதை போட்டாலே விளைச்சல் கூடிவிடுமா?

கூடாது. விதை தருவது வாய்ப்பு மட்டும்தான். ஒரு ஏக்கர் விளைச்சல் என்பது மூன்று எண்களின் பெருக்கல்: எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, ஒரு மணி என்ன எடை. ஏக்கருக்கு 25,000 கதிர், கதிருக்கு 14 வரிசை, வரிசைக்கு 30 மணி, ஆயிரம் மணி 280 கிராம் என்று வையுங்கள். ஒரு கதிரில் 420 மணி, எடை ஏறத்தாழ 118 கிராம். ஏக்கருக்கு 29 குவிண்டால் சொச்சம் வருகிறது. அதே விதை, அதே உரம், ஆனால் முளைப்பு சரியில்லாமல் 18,000 கதிர்தான் நின்றது என்றால் 21 குவிண்டால். எட்டு குவிண்டால், விதைத்த முதல் பத்து நாளிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு யூரியா கொட்டினாலும் அது திரும்பி வராது.

“பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்ட அதே கம்பெனி விதைதான், எனக்கு மட்டும் ஏன் இறங்கிவிட்டது” என்று கேட்பவர்களின் வயலில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: செடி எண்ணிக்கை குறைவு, 25ஆம் நாள் மேலுரம் தள்ளிப்போனது, பூக்கும் நேரத்தில் தண்ணீர் விட்டுப்போனது.

வீரிய ஒட்டு ரகம் என்றால் மரபணு மாற்றிய விதையா?

இல்லை. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை இந்தியாவில் பயிரிட அனுமதி கிடையாது. வீரிய ஒட்டு என்பது மகரந்தத்தைக் கட்டுப்படுத்திச் செய்யும் கலப்பு. ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிருக்கே போட்டு, ஆறேழு தலைமுறை இப்படியே கொண்டுபோனால் ஒரே சீரான, ஆனால் நோஞ்சானான தாய் வரிசை கிடைக்கும். இப்படி உருவாக்கிய இரண்டு வேறு வரிசைகளைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை, தாய் தகப்பன் இரண்டையும் விட வீரியமாக எழும்பும். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் 1908ஐ ஒட்டி இதை விளக்கினார். இந்தியாவில் 1957இல் அனைத்திந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்ற முதல் ஒட்டுகள் வெளிவந்தன.

விதை உற்பத்தி வயலில் பெண் வரிசையின் ஆண்பூவை, மகரந்தம் கொட்டும் முன்பே ஆள்விட்டுப் பிடுங்கி எடுக்கிறார்கள். விதையின் விலையில் கணிசமான பங்கு இந்தக் கூலிதான்.

நன்றாக விளைந்த கதிரை எடுத்துவைத்து அடுத்த பட்டத்துக்கு விதையாகப் போடலாமா?

ஒட்டு ரகத்தில் கூடாது. அடுத்த தலைமுறையில் அந்த வீரியத்தில் ஏறக்குறைய பாதி கழன்றுவிடும். செடிகள் ஒன்று ஆளுயரம், ஒன்று இடுப்புயரம் என்று நிற்கும், பூப்பதும் முன்பின்னாகப் போகும். விதைக்காசில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு மகசூலில் போகும். சொந்த விதைதான் வேண்டும் என்றால் ஒட்டு அல்லாத ரகமாகப் போடுங்கள். அதிலும் மற்ற மக்காச்சோள வயல்களிலிருந்து தள்ளி, வயலின் நடுப்பகுதிக் கதிர்களிலிருந்து மட்டும் விதை எடுக்கவேண்டும். ஏனெனில் இதன் மகரந்தம் காற்றில் போகிறது.

எந்த ரகம் நல்லது?

ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ எச் எம் 6 ஏறத்தாழ 110 நாள் ஒட்டு, கோ எச் எம் 8 அதைவிடச் சற்று முன்னதாக வரும். திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மானாவாரிக்கு என்ன புதிதாக வந்திருக்கிறது என்று அங்கே கேட்கலாம். தனியார் ஒட்டுகள் கடையில் ஏராளம்.

பெயரை விடக் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வயது முதலாவது: கிணற்றில் கடைசி ஒரு மாதத்துக்குத் தண்ணீர் உறுதியில்லை என்றால் 110 நாள் ரகத்தைத் தொடாதீர்கள், 95 நாளில் முடிவதைப் போடுங்கள். அடுத்து, கதிரின் உறை நுனிவரை மூடியிருக்கிறதா என்பது. இதை யாரும் கேட்பதில்லை. நுனி திறந்த கதிரில் கிளி கொத்தும், அறுவடை நேரத்து மழை இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறுவடை வரும் வட்டாரத்துக்கு உறை மூடிய ரகம்தான் பாதுகாப்பு. கதிர் செடியில் ரொம்ப உயரத்தில் இருந்தால் காற்றுக்குச் சாயும். மணி ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருந்தால் தீவன ஆலையில் கேள்வி இருக்காது.

புது ரகத்தை முழு வயலிலும் ஒரே வருஷத்தில் போடாதீர்கள். பாதியில் பழகிய ரகம், பாதியில் புதியது.

விதைப்பை வாங்கும்போது என்ன சரிபார்க்க வேண்டும்?

சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும், உண்மைநிலை விதைக்கு (தரத்துக்கு விற்பவரே பொறுப்பு) இளம்பச்சை அட்டை. அட்டையில் முளைப்புத்திறன் குறைந்தது 90 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம் இருக்கவேண்டும். குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதனை நாள், காலாவதி நாள் மூன்றையும் படியுங்கள். பில்லில் குவியல் எண்ணை எழுதி வாங்குங்கள். ஒரு பிடி விதையையும் அட்டையோடு பையையும் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். முளைக்கவில்லை என்று புகார் கொடுக்கப் போகும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான்.

விதைக்கும் முன் 100 விதையை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து ஏழாம் நாள் எண்ணுங்கள். 90க்குக் கீழே வந்தால் கடைக்காரரிடம் திரும்பிப் போங்கள். இரண்டு அங்குலம் மட்டும் வளர்ந்து சுருண்டு நிற்பதை முளைத்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

எந்தப் பட்டம்?

இறவைக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும். மானாவாரிக் கரிசலுக்குப் புரட்டாசி. தைப்பட்டத்தில் நாளைத் தள்ளிக்கொண்டே போய் மாசியில் விதைத்தால், பூக்கும் நேரம் சித்திரை வெயிலில் சிக்கும். பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் உயிரிழந்துவிடுகிறது, தண்ணீர் கட்டினாலும் மணி பிடிக்காது.

ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை? இடைவெளி எவ்வளவு?

ஒட்டு ரகத்துக்கு 8 கிலோ. பார் (விதை ஊன்றும் மண்கரை) இடைவெளி 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ., குழிக்கு ஒரே விதை. இப்படிப் போட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடி வரும்.

ஆழம் 4 செ.மீ. இதை விரலால் அளந்து பார்த்துப் பழகுங்கள்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து இரண்டாவது கணு வரை. மேலாகப் போட்டால் தாங்குவேர் பிடிப்பு இல்லாமல் பின்னால் சாயும், அணிலும் மயிலும் கிளறிவிடும். ஆழமாகப் போனால் முளை மேலே வர இரண்டு மூன்று நாள் பிந்தும். பிந்துவதுதான் இந்தப் பயிரின் பெரிய எதிரி. பக்கத்துச் செடியைவிட இரண்டு இலை பின்தங்கிய செடி, வெளிச்சம் கிடைக்காமல் கடைசிவரை அதன் நிழலிலேயே நிற்கும். உரமும் தண்ணீரும் குடிக்கும், கதிர் மட்டும் விடாது அல்லது சுண்டுவிரல் அளவு விடும். ஆகவே 10 நாள் கழித்து வெற்றிடத்தில் மறு விதை ஊன்றுவது வீண்வேலை. வெற்றிடம் நிரப்புவதென்றால் முளைவிட்ட விதையாக, ஒரு வாரத்துக்குள். அதைத் தாண்டினால் அந்த இடத்தில் தட்டைப்பயறு ஊன்றுங்கள்.

பத்தாம் நாள் ஒரு சோதனை: வயலில் ஐந்து இடத்தில் 10 மீட்டர் நீளப் பாரை அளந்து செடியை எண்ணுங்கள். 40 இருக்கவேண்டும். 36 இருந்தால் நல்லது. 30க்குக் கீழே எல்லா இடத்திலும் வந்தால், உழுதுவிட்டு மறுவிதைப்பு செய்வதுதான் மலிவு.

டிராக்டர் விதைப்புக் கருவியில் போடுவதானால் விதையின் அளவுக்குத் தக்க தட்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உருண்டை விதைக்குத் தட்டை விதையின் தட்டைப் போட்டால் ஒரு இடத்தில் இரண்டாக விழும், அடுத்த இடம் காலியாகும். வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். வாடகைக்கு வரும் ஓட்டுநருக்கு அடுத்த வயல் அவசரம், உங்களுக்கு அந்த அவசரம் கிடையாது.

விதை நேர்த்தி அவசியமா? பையிலேயே நிறம் பூசித்தானே வருகிறது?

சிவப்பாகவோ பச்சையாகவோ பூசி வந்தால் என்ன மருந்து என்று பையில் பார்க்கவேண்டும். பூஞ்சணக்கொல்லி மட்டும்தான் என்றால், படைப்புழுவுக்காக சயான்ட்ரனிலிப்ரோல், தயாமீத்தாக்சம் இரண்டும் கலந்த விதைநேர்த்தி மருந்தைக் கிலோவுக்கு 4 மில்லி கலக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் குருத்தைக் காக்கும். அடிச்சாம்பல் நோய் வரும் வட்டாரத்தில் மெட்டலாக்சில் கிலோவுக்கு 6 கிராம் போட்டிருக்கவேண்டும். வெளிறிய, குறுகிய இலையோடு குட்டையாக நின்று, காலையில் இலையடியில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அதுதான் அடிச்சாம்பல். வந்தபின் செடியைப் பிடுங்கி அழிப்பதைத் தவிர வழியில்லை.

மருந்து பூசிய விதைமேல் அசோஸ்பைரில்லம் நுண்ணுயிர் உரத்தைப் பூசினால் அந்த நுண்ணுயிர் பிழைக்காது. அதை 200 கிராம் பாக்கெட் நான்கு எடுத்து, 10 கிலோ மக்கிய சாணத்தூளில் கலந்து மண்ணில் இடுங்கள்.

உரம் எவ்வளவு, எப்போது?

மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதன்படி. இல்லையென்றால் ஒட்டு ரகத்துக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 250, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 75, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 75 கிலோ. ஏக்கருக்கு 100, 30, 30. கூடவே கடைசி உழவில் 5 டன் தொழுஉரம்.

இதைக் கடை உரமாக மாற்றினால்: அடியுரமாக டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) 65 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ, யூரியா 29 கிலோ. டிஏபி கிடைக்காத நேரத்தில் 10:26:26 கலப்புரம் 115 கிலோ போட்டால் அதே மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வந்துவிடும். பொட்டாஷ் தனியாக வேண்டாம், யூரியா அதே 29 கிலோ. பிறகு 25ஆம் நாள் யூரியா 109 கிலோ, 45ஆம் நாள் 54 கிலோ.

மொத்தத் தழைச்சத்தில் பாதி 25ஆம் நாளில் போவதற்குக் காரணம் இருக்கிறது. செடி முழங்கால் உயரம் வரும் அந்த நேரத்தில்தான் கதிரில் எத்தனை வரிசை என்பது உள்ளே முடிவாகிறது. வெளியே கதிரின் சுவடே தெரியாது. அப்போது பசியில் வைத்துவிட்டு 40ஆம் நாள் இரண்டு மடங்காகப் போட்டால் இலை கரும்பச்சையாகும், 14 வரிசைக் கதிர் 12 வரிசையாகத்தான் வரும்.

யூரியாவைச் செடியின் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, மண் அணைத்து, அன்றோ மறுநாளோ தண்ணீர் கட்டுங்கள். வெயிலில் மேலே கிடந்தால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். மேலே வீசினால் குருத்துக்குள் விழுந்து கருக்கிவிடும். மண் அணைப்பைத் தவிர்க்காதீர்கள். பவர் வீடர் ஓட்டினால் களையும் போகும், தாங்குவேரும் மண்ணுக்குள் இறங்கும்.

இலை நிறம் மாறுகிறது, என்ன குறை?

அடி இலையில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சள் உள்ளே ஓடினால் தழைச்சத்துக் குறை. அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்து. இளம்பயிர் ஊதா நிறமடித்தால் மணிச்சத்து; குளிரிலும் அப்படித் தெரியும், தானே சரியாகும். குருத்து இலையின் அடிப்பாகத்தில் நடுநரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகம்.

கடைசியாகச் சொன்னதுதான் நம் மண்ணில் அதிகம். விதைக்கும்போது துத்தநாக சல்பேட் 15 கிலோவை மணலில் கலந்து இடுங்கள். டிஏபியோடு ஒரே சட்டியில் கலக்காதீர்கள், இரண்டும் பிணைந்து செடிக்குக் கிடைக்காமல் போகும். குறை தெரிந்த பிறகு என்றால் 200 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ துத்தநாக சல்பேட், அரைக் கிலோ நீர்த்த சுண்ணாம்பின் தெளிநீர் கலந்து, 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கவேண்டும்.

களைக்கொல்லி எது?

விதைத்த 3 முதல் 5 நாளுக்குள் அட்ரசின் 50 சதவீதத் தூள் 400 முதல் 500 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். மண் ஈரமாக இருக்கவேண்டும். காய்ந்த புழுதியில் அடித்தால் பலனில்லை. கைத்தெளிப்பானில் தட்டை விசிறி நாசில் மாட்டி, பின்னோக்கி நடந்து அடியுங்கள். அடித்த மண்ணை மிதித்தால் அந்தத் தடத்தில்தான் களை முளைக்கும். ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ இருந்தால் அட்ரசின் வேண்டாம், பெண்டிமெத்தலின் போதும்.

மழையால் அந்த நாட்கள் தவறிப்போனால், 15 முதல் 20 நாளில் களை மூன்று நான்கு இலையில் இருக்கும்போது டெம்போட்ரயோன் 115 மில்லி அல்லது டோப்ரமிசோன் 30 மில்லி, அதனதன் ஒட்டுத்திரவத்தோடு. களை முழங்காலுக்கு வந்தபின் அடித்தால் வெளுக்கும், சாகாது.

எத்தனை தண்ணீர்?

விதைத்தவுடன் ஒன்று, நான்காம் நாள் உயிர்த்தண்ணீர். பிறகு செவலில் வாரத்துக்கு ஒன்று, கரிசலில் 10 முதல் 12 நாளுக்கு ஒன்று. முதல் மாதம் கொஞ்சம் காய்ந்தாலும் தாங்கும். அப்போது தேங்கினால்தான் தாங்காது. 45 முதல் 70 நாள் வரை ஒருமுறைகூடத் தவறக்கூடாது. கதிர் நூல் விடும் நாட்களில் இலை சுருளும் அளவுக்கு வாடினால் ஒரு நாளுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை மகசூல் குறையும். கிணற்றில் தண்ணீர் குறைவு என்றால் பரப்பைக் குறையுங்கள். மூன்று ஏக்கரை அரைகுறையாக நனைப்பதைவிட இரண்டு ஏக்கரை முழுதாக நனைப்பதில் அதிக மூட்டை வரும்.

சொட்டுநீர் போட்டால் இரண்டு வரிசைக்கு ஒரு குழாய். யூரியாவை வாரம் ஒரு பங்காகப் பிரித்து 60 நாளுக்குள் முடித்துவிடுங்கள். உரம் விட்ட பின் கால் மணி நேரம் வெறும் தண்ணீர் ஓடவேண்டும், இல்லாவிட்டால் துளை அடைக்கும்.

மழை தேங்கி மஞ்சளாகிவிட்டது. யூரியா போடலாமா?

முதலில் தண்ணீரை வடியுங்கள். தேங்கிய மண்ணில் யூரியா போட்டால் அதுவும் காற்றில் போகும். வடிந்து, கால் புதையாத பதம் வந்தபின் 20 முதல் 25 கிலோ. வயலுக்குள் இறங்கவே முடியாத நிலையில் 1 சதவீத யூரியாக் கரைசல் தெளித்தால் தற்காலிகமாகத் தேறும்.

படைப்புழுவை எப்படிச் சமாளிப்பது?

அமெரிக்கக் கண்டத்துப் புழு. ஆப்பிரிக்காவில் 2016இல் தெரிந்து, 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டு, அதே ஆண்டு நம் வயல்களுக்கும் வந்துவிட்டது. தலையில் தலைகீழ் கவை போன்ற வெளிர் கோடு, வாலுக்கு முன் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இவை இருந்தால் அதுதான்.

ஒரு குவியலில் 100, 200 முட்டை வைத்து மேலே மாவு போல மூடியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். குட்டிப்புழு இலையைச் சுரண்டும்போது காகிதம் போன்ற வெள்ளைத் திட்டுத் தெரியும். பிறகு ஓட்டை, பிறகு குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம். விவசாயி மருந்துக் கடைக்கு ஓடுவது எச்சத்தைப் பார்த்த பிறகுதான். அதற்குள் புழு பருத்து, எச்சத்தையே அடைப்பாக வைத்துக் குருத்துக்குள் உட்கார்ந்துவிடும், மருந்து போய்ச் சேராது. “மருந்து கேட்கவில்லை” என்பதில் பாதி, காலம் தவறியதுதான்.

கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு 100 கிலோ போடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவிலிருந்து அந்துப்பூச்சி வெளிவருவது குறையும். 10 வரிசைக்கு ஒருமுறை 75 செ.மீ. வழி விட்டு விதையுங்கள், 45 நாளுக்குப் பிறகு மருந்தடிக்க ஆள் நுழைய அது ஒன்றுதான் வழி. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். வட்டாரத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் விதைப்பது பெரிய காப்பு. பிந்தி விதைத்தவர் வயலுக்குத்தான் முந்தியவர் வயல் அந்துப்பூச்சி எல்லாம் வரும்.

பத்தாம் நாளிலிருந்து வாரம் இரண்டு முறை, ஐந்து இடத்தில் 20 செடி வீதம் 100 செடி பாருங்கள். முட்டைக் குவியலை நசுக்குங்கள். புதுச் சேதம் 10 செடியில் தெரிந்தால் தெளிக்கவேண்டும். 15 முதல் 20 நாளில் வேப்ப மருந்து அசாடிராக்டின் 1,500 பிபிஎம், லிட்டருக்கு 5 மில்லி. அல்லது எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதம், 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம். 40 முதல் 45 நாளில் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 சதவீதம், டேங்குக்கு 4 மில்லி. அல்லது ஸ்பினிடோரம் 11.7 சதவீதம், 5 மில்லி. முதலில் அடித்ததையே மறுபடி அடிக்காதீர்கள். ஒரே மருந்தைத் தொடர்ந்தால் இரண்டு பட்டத்தில் அது வெறும் தண்ணீராகிவிடும்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு, நாசிலைக் குருத்துக்கு நேர் மேலே பிடித்து, உள்ளே இறங்கும்படி அடிக்கவேண்டும். நடந்துகொண்டே பக்கவாட்டில் வீசுவது இலையைக் கழுவுவதற்குச் சமம். கொஞ்சப் பரப்பு, பருத்த புழு என்றால் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து குருத்துக்குள் போடலாம். மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்கிக் கடைக்காரர் தரும் ‘கூட்டு’ வேண்டாம். முகக்கவசம், கையுறை இல்லாமல் மேல்நோக்கி வளர்ந்த பயிரில் அடிப்பது ஆபத்து.

கதிரில் மணி சரியாகப் பிடிக்கவில்லை. விதைக் கோளாறா?

கதிரை உரித்துப் பார்த்தாலே பெரும்பாலும் பதில் கிடைக்கும். கதிரின் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குச் சொந்தம். அடிப்பகுதி மணிகளின் நூல் முதலில் வெளிவரும், நுனியினுடையது கடைசியில். மகரந்தம் ஒரு வாரம்போலத்தான் கொட்டும்.

அடியிலிருந்து நன்றாகப் பிடித்து நுனி இரண்டு அங்குலம் மட்டும் மொட்டையா? நுனியில் சுருங்கிய சின்ன மணிகள் இருந்தால், பிடித்தபின் செடியே கைவிட்டது: தண்ணீரோ தழை, சாம்பல்சத்தோ பற்றவில்லை, அல்லது நெருக்கம் அதிகம். நுனியில் மணியின் தடமே இல்லை என்றால் நூல் பிந்தி வந்து மகரந்தம் கிடைக்கவில்லை.

பல் விழுந்தது போலக் கதிர் முழுக்க அங்கங்கே ஓட்டையா? மகரந்தம் சரியாக விழவில்லை. கடும் வெயில், அல்லது புழுவோ வண்டோ நூலைக் கத்தரித்தது, அல்லது செடிகள் முன்பின்னாகப் பூத்தது. தொடர்ந்து மழை பெய்து மகரந்தம் நனைந்தாலும் இப்படி ஆகும்.

மணி எண்ணிக்கை சரி, ஆனால் எல்லாம் ஒல்லியாகத் தக்கையாக இருக்கிறதா? பால் பிடித்த பிறகு தண்ணீர் நின்றது, அல்லது இலைக்கருகல் நோய் மேல் இலைகளைத் தின்றது. கதிருக்கு மேலிருக்கும் இலைகள்தான் மணிக்குச் சோறு போடுபவை. மாட்டுக்குத் தீவனம் என்று அவசரப்பட்டு, மணி முற்றும் முன் கொண்டையை வெட்டினாலும் இதே கதிதான்.

விதைக் கோளாறு என்றால் வயல் முழுக்க செடிகள் ஒன்றுக்கொன்று உயரத்திலும் கொண்டை நிறத்திலும் வேறுபடும். சாட்சிக்குப் பையும் அட்டையும் இருக்கிறதா?

எப்போது அறுப்பது? ஈரப்பதத்துக்காக வியாபாரி கழிக்கும் கணக்கு சரியா?

உறை வைக்கோல் நிறமாகக் காய்ந்த பிறகு, ஒரு மணியைப் பிடுங்கி அடியைக் கிள்ளிப் பாருங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் மணி முற்றிவிட்டது, இனி எடை ஏறாது. ஆனால் அப்போது ஈரம் 30 சதவீதம் சொச்சம் இருக்கும். 20 சதவீதத்துக்கு வரும்வரை செடியிலேயே விடலாம், மழை மிரட்டினால் கதிரை ஒடித்து உலர்த்தலாம். ஈரமாக இயந்திரத்தில் அடித்தால் மணி உடையும். உடைந்த மணிதான் பூஞ்சணத்தின் வாசல்.

கணக்கு இது: 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ கொண்டுபோனால் அதில் காய்ந்த பொருள் 80 கிலோ. அதை 14 சதவீதத்துக்கு மாற்றினால் 80ஐ 0.86ஆல் வகுக்க 93 கிலோ. ஆக 7 கிலோ கழிப்பது நியாயம். 25 சதவீத ஈரமென்றால் 87 கிலோ. இதற்கு மேல் கழித்தால் ஏன் என்று கேளுங்கள். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26க்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாயாக இருந்தது. பேரத்தில் நடப்பு ஆண்டின் எண் கையில் இருக்கட்டும்.

ஈரமானி இல்லாதவர்கள் ஒரு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மணியும் இரண்டு மூன்று கரண்டி காய்ந்த தூள் உப்பும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் மூட்டை பிடிக்கலாம். மாதக்கணக்கில் இருப்பு வைக்க 12 சதவீதம் வேண்டும், மூட்டை தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல்.

மண் தரையில் பரப்பி இரவில் மூடாமல் விட்ட மணியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் வந்து அஃப்ளாடாக்சின் நச்சு சேரும். கோழிக்கு ஈரல் கெடும் என்பதால் ஆலைகள் சோதித்துத் திருப்பிவிடுகின்றன. காய்ந்தபின் அந்த நச்சு போகாது.

அறுத்த தட்டையை மாட்டுக்குப் போடலாமா?

போடலாம், துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால் கழிவு குறைவு. கடைசியாக அடித்த மருந்துக்கு லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்திருக்கவேண்டும். கடும் வறட்சியில் வாடி, உடனே மழை பெய்து துளிர்த்த பச்சைத் தட்டையில் நைட்ரேட் ஏறியிருக்கும், குறிப்பாகத் தண்டின் அடிப்பாகத்தில். மழைக்குப் பின் ஒரு வாரமாவது பொறுத்து, அடி ஒரு முழம் விட்டு வெட்டி, வைக்கோலோடு கலந்து கொடுங்கள். மாட்டுக்கு வேண்டாத தட்டையைக் கொளுத்தாமல் ரோட்டவேட்டரில் மடக்கி உழுதால், அடுத்த பயிருக்குச் சாம்பல்சத்து வயலிலேயே தங்கும். மடக்கியதும் தண்ணீர் பாய்ச்சி, மட்குவதற்கு மூன்று வாரம் விட்டு அடுத்த விதைப்பு.